கையெழுத்துக்கு ஒருவர், கம்பிக்கு ஒருவர்

ஈரத்துணியோடு கிழக்கே பார்த்து நின்று, கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொல்வது என்னவென்றால்: கீழே வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒரு புள்ளி கூட்டவில்லை, ஒரு கொம்பு குறைக்கவில்லை. நம்பாதவர்கள் செவ்வாய்க்கே நேரில் போய் விசாரித்துக்கொள்ளலாம். போக ஏழு மாதம், வர ஏழு மாதம். சந்தேகம் தீர அது ஒன்றும் அதிகமில்லை.

செவ்வாயில் ஒரு வறண்ட ஆறு. அதில் கடைசியாகத் தண்ணீர் ஓடி முந்நூறு கோடி வருஷம் ஆகிறது. ஆனாலும் நம்மவர்கள் அங்கே குடியேறியதும் செய்த முதல் காரியம் வடகரை, தென்கரை என்று இரண்டாகப் பிரிந்ததுதான். இரண்டாவது காரியம், ஆற்றுக்கு அடியில் கிடந்த பனிக்கட்டி யாருக்கு என்று சண்டை போட்டது. சண்டை பதினோரு வருஷம் நடந்தது.

வடகரையில் வெயிலுகந்தாள் காற்றுக்குழாய் ஃபிட்டர். பூமியில் விழுகிற வெயிலில் பாதிகூட விழாத ஊரில், குலதெய்வத்தின் அந்தப் பெயரோடு ஐம்பது வயது வரை தள்ளிவிட்டவள். நாலாம் சுரங்கத்தில் நாற்பத்து மூன்று பேர் பனி வெட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், தென்கரைத் தலைவர் பூலோகபாண்டியன் அந்தச் சுரங்கத்தின் காற்று வால்வை மூடச் சொன்னார். மூடினார்கள். உள்ளே இருந்தவர்களில் ஒருவர் வெயிலுகந்தாளின் கணவர் சுடலைமணி. அதே வாரம் முப்பத்தாறு பேரைச் சிறைபிடித்துத் தென்கரைக்குக் கொண்டுபோனார்கள். அதில் ஒருத்தி அவள் மகள் கோமதி. இது நடந்து ஆறு வருஷம்.

ஆக, வெயிலுகந்தாளுக்கு வேண்டியது இரண்டே இரண்டு. மகள் வீட்டுக்கு வர வேண்டும். பூலோகபாண்டியன் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டும். சிக்கல் என்னவென்றால், ஒன்று நடந்தால் மற்றது நடக்காது. கூண்டில் ஏற்றினால் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டேன், கைதிகளும் வர மாட்டார்கள் என்றார் பூலோகபாண்டியன். கூண்டில் ஏற்றாமல் கையெழுத்து வாங்கினால் உங்கள் வீட்டுக் காற்றை நாங்களே மூடுவோம் என்று வடகரைக்காரர்கள் தங்கள் தலைவர்களிடம் சொல்லிவிட்டார்கள்.

இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக நிலாவிலிருந்து ஒரு நீதிபதி அம்மாள் வந்திருந்தார். பெயர் திலகவதியார். வந்த நாளிலிருந்து அவருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. சமாதானம் கிடக்கட்டும், முதலில் பல் டாக்டரைக் கூப்பிடுங்கள் என்றார். கூப்பிட்டார்கள். ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேரும் ஒரே ஆள்.

"இது என்ன கூத்து?" என்றார் நீதிபதி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

வடகரை வக்கீல் ஆவுடையப்பன்தான் விளக்கினார். "தென்கரையில ஒரே ஒரு பல் டாக்டர்தாம்மா இருந்தாரு. கூட்டம் தாங்கல. ஒரு பெட்டி வாங்கிப் போட்டாங்க. அதுக்குள்ள ஒருத்தர் உக்காந்தா, அரை மணி நேரத்துல பக்கத்துப் பெட்டியில இன்னொருத்தர் உக்காந்திருப்பாரு. அதே உடம்பு, அதே ஞாபகம், அதே மறதி. இப்ப ஏழு பேரும் ஆளுக்கொரு போர்டு வச்சிருக்காங்க, மத்த ஆறு பேரும் போலின்னு."

சொல்லிக்கொண்டே வந்த ஆவுடையப்பன் நடுவில் நிறுத்தினார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. வக்கீல்களின் கண்ணில் அந்த வெளிச்சம் வந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து போய்விடுவது நல்லது. யாரும் போகவில்லை.

"பூலோகபாண்டியன் அண்ணாச்சியையும் அந்தப் பெட்டியில உக்கார வைப்போம்" என்றார். "ஒருத்தர் கையெழுத்துப் போடட்டும். ஒருத்தர் கம்பி எண்ணட்டும்."

தனக்குப் பதில் இன்னொருவர் ஜெயிலுக்குப் போவார் என்றால் எந்தத் தலைவர் மறுத்திருக்கிறார்? பூலோகபாண்டியன் உடனே ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை: அசல் கையெழுத்துக்கு, நகல் கம்பிக்கு. பின்னால் குழப்பம் வரக்கூடாது என்று, அவர் பெட்டிக்குள் போவதற்கு முன்பே, தேர்தலில் வைப்பதுபோல, ஆள்காட்டி விரலில் அழியாத மையால் ஒரு கோடு போட்டார்கள். இரண்டு கரை அதிகாரிகளும் அந்தக் கோட்டைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டார்கள். அரை மணி நேரம் கழித்து இரண்டு பெட்டிகளும் திறந்தன. இரண்டு பூலோகபாண்டியன்கள் வெளியே வந்தார்கள். இரண்டு விரலிலும் மை இருந்தது.

"கோடு போட்டுட்டா நகலெடுத்தீங்க?" என்று நீதிபதி கேட்டார். அதிகாரிகள் மைப்புட்டியை மூடி வைத்தார்கள்.

"நான்தான் அசல்" என்றார் ஒருவர். "இவன் நகல்" என்றார் மற்றவர். இரண்டு பேரும் ஒரே குரலில் ஒரே கெட்ட வார்த்தையைச் சொல்லித் திட்டினார்கள். கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். ஒருவர் நாற்காலிக்குப் போனார். இன்னொருவர் கூண்டுக்குப் போனார். தீர்ப்பு வந்த மறுநாள் கைதிகளை ஒப்படைப்பது என்று ஒப்பந்தம் ஆனது.

வழக்கு நடுமண்டபத்தில் நடந்தது. அந்த மண்டபம் இரண்டு கரைக்கும் பொது. பொது என்பதால், அதற்குள் யார் காற்று நிரப்புவது என்று பதினோரு வருஷமாக முடிவாகவில்லை. எல்லாரும் அவரவர் சிலிண்டரையும் முகமூடியையும் மாட்டிக்கொண்டுதான் வந்து உட்கார வேண்டும். கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்யவும் வழியில்லை. நெருப்புக்கு அங்கே தடை, மூச்சுக்காற்று இல்லாத இடத்தில் அது எரியவும் எரியாது. அதனால் செவ்வாய்க்காரர்கள் வேறு வழக்கம் வைத்திருந்தார்கள். சாட்சி சொல்கிறவர் தன் காற்றுக்குழாயைத் தானே மூடிக்கொள்ள வேண்டும். ஒரு மூச்சில் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவுதான் சாட்சியம். இதனால் வழக்குகள் சீக்கிரம் முடிந்தன. இந்த வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்று வக்கீல்கள் மூன்று மாநாடு போட்டிருக்கிறார்கள்.

கூண்டில் ஏறியவர் முதல் நாளே தகராறு செய்தார். "நான் பொறந்தே ஒம்பது நாள்தான் ஆகுது. வால்வு மூடுனது ஆறு வருஷத்துக்கு முந்தி. என்னை எப்படி வே விசாரிப்பிய? வேணும்னா தொட்டில் கட்டிப் போடுங்க."

மூன்று நாள் இதே பேச்சு. அந்த மூன்று நாளும், விசாரணை தொடங்குமுன் நாற்பத்து மூன்று பெயர்களையும் உரக்க வாசித்தார்கள். அவர் கொட்டாவி விட்டார். நாலாம் நாள் வெயிலுகந்தாளின் முறை வந்தது. சாட்சிக்கு எதிரியிடம் ஒரு கேள்வி கேட்கும் உரிமை உண்டு.

"ஒமக்கு ஒம்பது நாளோ ஒம்பது யுகமோ, அது எனக்கு வேண்டாம்" என்றாள். "நாலாம் சுரங்கத்து வால்வை மூடச் சொன்னது ஒம்ம ஞாபகத்துல இருக்கா, இல்லையா? குழாயை மூடிட்டுச் சொல்லும்."

அவர் சிரித்துக்கொண்டேதான் மூடினார்.

"இருக்கு. சுண்டல் தின்னுக்கிட்டே சொன்னேன். உள்ள இருந்து இரும்புல தட்டுனாவ. ஒலிபெருக்கியில கேட்டுச்சு. ஒம்பது நிமிஷம் கேட்டுச்சு. அதுக்கப்புறம்..."

மூச்சு அங்கே தீர்ந்தது. சிரிப்பு அதற்கு முன்பே தீர்ந்திருந்தது. குழாயைத் திறக்க அவர் கை போகவில்லை. முகம் நீலம் பாய்ந்தது. காவலர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சாட்சி தானே திறக்காவிட்டால் யார் திறப்பது என்று விதியில் எழுதவில்லை. வெயிலுகந்தாளின் கை போய்த் திறந்துவிட்டது. மூடிய குழாய்க்குப் பின்னால் ஆள் இருந்தால் திறப்பது அந்தக் கைக்கு இருபத்தெட்டு வருஷப் பழக்கம். அவளைக் கேட்டா அது போகும்? இரண்டு நாள் அந்தக் கையோடு அவள் பேசவில்லை.

அவர் நாயைப்போல் இரைத்துவிட்டு, மிச்சத்தையும் சொன்னார். "அதுக்கப்புறம், சத்தத்தக் குறைன்னு சொன்னேன்."

திலகவதியார் தீர்ப்பை ஒரே மூச்சில் சொன்னார். "ஞாபகம் யாருக்கு உண்டோ, பொறுப்பும் அவருக்கு உண்டு. நகலும் அவரே. ஆயுள் தண்டனை." சொல்லிவிட்டு அடுத்த கப்பலில் ஏறினார். பல்லை நிலாவில் போய்ப் பிடுங்கிக்கொண்டதாகக் கேள்வி.

மறுநாள் முப்பத்தாறு பேரும் வந்து சேர்ந்தார்கள். வடகரையில் தவில் அடித்தார்கள். சமாதானமும் நீதியும் ஒரே வாரத்தில் கிடைத்த அதிசயம் பூமி வரைக்கும் போனது. அங்கிருந்து பதினான்கு தலைவர்கள் வாழ்த்தி எழுதினார்கள். எல்லாக் கடிதத்திலும் கடைசி வரி ஒன்றுதான்: அந்தப் பெட்டி எங்கே கிடைக்கும்? போர் தொடங்குவதற்கு முன்பே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். எட்டு எடுக்கலாமா என்று கேட்டிருந்தார் இன்னொருவர்.

கோமதி பத்தொன்பது வயதில் போனவள், இருபத்தைந்தில் திரும்பியிருந்தாள். மூன்று தட்டுச் சோறு தின்றாள். நாலாவது தட்டில் கையை வைத்துக்கொண்டு, "எம்மா, ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"சொல்லு ஏட்டி."

"எங்களை அனுப்புததுக்கு முந்தி ஒரு பெட்டியில உக்கார வச்சாவ."

வெயிலுகந்தாளின் கையிலிருந்த கரண்டி நின்றது.

"வெளிய வந்து பாத்தா எதுக்க நானே உக்காந்திருக்கேன். முப்பத்தாறு பேரும் எழுபத்திரண்டாயிட்டோம். நாணயம் சுண்டிப் போட்டாவ. எனக்குப் பூ விழுந்துச்சு, வந்துட்டேன். அவளுக்குத் தலை. அவ அங்க பனி வெட்டுதா."

வெயிலுகந்தாள் அந்தத் தட்டு காயுமுன் ஆவுடையப்பன் வீட்டு வாசலில் நின்றாள்.

வக்கீல் ஒப்பந்தத்தைப் புரட்டினார். "யக்கா, 'கைதிகள் முப்பத்தாறு பேரை ஒப்படைக்க வேண்டும்'னு இருக்கு. ஒப்படைச்சாச்சு. இதுல ஓட்டை இல்ல."

"எம்மக அங்க இருக்கா தம்பி!"

"உங்க மக இங்கயும் இருக்காளே. நகலும் அவரேன்னு நாமதான தீர்ப்பு வாங்குனோம்? அப்ப இவ கோமதின்னா கோமதிதான். வீட்டுல இருக்கவளைக் காணோம்னு எப்படி மனுப் போடுவேன்?" குரலைத் தாழ்த்தினார். "இப்ப இதைக் கிளறுனா சண்டை வந்துரும். நாலாயிரம் பேரு இருக்கோம். முப்பத்தாறுக்காக நாலாயிரத்தைப் பணயம் வைக்கவா? நீங்களே சொல்லுங்க."

"ஒம்ம மக அங்க வெட்டுனா இந்தக் கணக்குச் சொல்லுவீரா?" என்று கேட்டுவிட்டு வந்தாள். ஆவுடையப்பனுக்கு மகள் கிடையாது.

வடகரைச் சிறைக்குக் காற்றுக்குழாய் பார்ப்பதும் வெயிலுகந்தாளின் வேலை. அந்த வாரம் ஒரு குழாயும் கெடவில்லை. ஆனாலும் ஸ்பானரோடு போனாள். பூலோகபாண்டியன் மூலையில் உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"உங்க பயலுக பெட்டியில போட்டுப் பிள்ளைகளை ரெண்டாக்கியிருக்கானுவ" என்றாள்.

அவர் ஆச்சரியப்படவில்லை. "நான் அங்க இருந்தா அதைத்தான் செய்வேன். சமாதானமும் ஆச்சு, பனி வெட்ட ஆளும் குறையல."

"வெக்கமா இல்ல?"

"இருக்கு. அவனுக்குத்தான் இருக்காது. அவன் நல்லாத் தூங்குதான். எப்படித் தெரியும்னு கேக்காதிய, நானும் அப்படித்தான் தூங்குனேன். குழாயை மூடி நின்ன நாள்லேர்ந்து எனக்குக் கண்ணு மூடல. இரும்புல தட்டுத சத்தம் இப்பக் குறையவே மாட்டேங்கு." கொஞ்சம் முன்னால் நகர்ந்தார். "வெள்ளிக்கிழமை நடுமண்டபத்துல அவனுக்குச் சமாதானச் சிற்பின்னு பட்டம் குடுக்காவளாம். என்னை அங்க கொண்டுபோய் நிறுத்துங்க. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

"நிறுத்துனதும் நீரு அவங்கூடச் சேந்துக்கிட்டா?"

"என் காத்து ஒங்க சிலிண்டர்லேர்ந்து வரட்டும். குழாய் ஒங்க கையில."

அவள் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். நாற்பத்து மூன்று பேருக்குக் கிடைத்த ஒரே நீதி அந்த அறைக்குள் உட்கார்ந்திருந்தது. அதைத் தன் கையாலேயே திறந்து வெளியே விடுவதா? ஓடிவிட்டால் சுடலைமணியைக் கொன்றவனுக்கு அவள்தான் கதவு திறந்தவள். பிறகு சண்டை வரும். அப்போது எதிரில் ஒன்றல்ல, இரண்டு பூலோகபாண்டியன்கள் இருப்பார்கள்.

வியாழக்கிழமை காலையில் மகளிடம் கேட்டாள். "அங்க இருக்கவ இப்ப என்ன செஞ்சுக்கிட்டிருப்பா?"

"நான் என்ன செய்வேனோ அதைத்தான்" என்றாள் கோமதி. "இந்தக் கிழவி இன்னும் ஏன் வரலைன்னு உங்களை ஏசிக்கிட்டிருப்பேன்."

வெள்ளிக்கிழமை, வடகரைச் சிறையிலிருந்து குழாய் ஃபிட்டரும், நீல உடுப்புப் போட்டு, தலையைக் குனிந்து அவளுடைய பைப்பைச் சுமந்த ஒரு உதவியாளும் வெளியே போனார்கள். உதவியாளின் முகமூடியிலிருந்து ஒரு நீளமான குழாய் அவளுடைய சிலிண்டருக்கு ஓடியது. காவலாளி கேட்டதற்கு, "இவன் சிலிண்டர் ரிப்பேரு" என்றாள்.

நடுமண்டபத்தில் இரண்டு கரையும் கூடியிருந்தது. மேடையில் பொன்னாடைக்குள் பூலோகபாண்டியன் தெரிந்தார்; பொன்னாடை அவ்வளவு. ஆவுடையப்பன் வாழ்த்துரையின் நடுவில் இருந்தார். உதவியாள் மேடையேறி, பைப்பை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தார். ஆவுடையப்பன் வாழ்த்துரையை அப்படியே விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்தில் நாற்காலி இல்லை.

"இவன் நகல்! ஜெயில்லேர்ந்து தப்பி வந்துட்டான், புடிங்க!" என்று கத்தினார் பொன்னாடைக்காரர்.

"இவன்தான் நகல்" என்றார் மற்றவர் நிதானமாக. "எங்கிட்டயிருந்து நாற்காலியைப் புடுங்கிட்டு என்னை அனுப்பிட்டான்."

தென்கரைக் காவலர்கள் விரலைப் பார்த்தார்கள். இரண்டிலும் மை. தலையைச் சொறிந்தார்கள்.

"சத்தியம் பண்ணுவோம்" என்றார் நீல உடுப்பு. "குழாயை மூடு."

இரண்டு பேரும் மூடினார்கள். நீல உடுப்புக்காரர் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார். வழக்கில் தினமும் வாசித்த அதே பெயர்கள், அதே வரிசை. பொன்னாடைக்காரர் நாலு எண்ணுவதற்குள் குழாயைத் திறந்து, "எனக்கு மூச்சு முட்டுது வே!" என்று அலறினார். மற்றவர் நிறுத்தவில்லை. பதினேழு, பதினெட்டு. வெயிலுகந்தாள் இந்தத் தடவை கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பத்தொன்பதாவது பெயர் சுடலைமணி. அதைச் சொல்லிவிட்டு அவரே திறந்துகொண்டார்.

தென்கரைக் காவலர்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது. எமனுக்கும் அஞ்சாதவர் எங்கள் அண்ணாச்சி என்று பள்ளிக்கூடத்தில் தினமும் பாடி வளர்ந்தவர்கள் அவர்கள். இரண்டு பேரில் பயந்தவன் எவனோ அவன் அண்ணாச்சியாக இருக்க முடியாது. பொன்னாடையை உருவிவிட்டு, அதே பொன்னாடையால் கையைக் கட்டி, வடகரைக் காவலர்களிடம் ஒப்படைத்தார்கள். "ஒங்க கைதியை ஒழுங்காப் பாத்துக்கிடுங்க வே" என்று ஒரு வசையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

நீல உடுப்புக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். மண்டபம் காத்திருந்தது. வெயிலுகந்தாளின் சிலிண்டரிலிருந்துதான் அவர் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவள் விரல் குழாய்த் திருகின் மேல் இருந்தது. ஒரு சொல் சொன்னால் போதும், இவன்தான் உங்கள் கைதி என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். நாலாயிரம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் திருகின் மேலிருந்து விரலை எடுக்கவில்லை, வாயையும் திறக்கவில்லை.

"பனி வெட்டுத அந்த முப்பத்தாறு பேரையும் கூட்டிட்டு வாங்க" என்றார் அவர். "பெட்டியை ஒடைங்க."

கூட்டிக்கொண்டு வந்தார்கள். வரிசையில் பதினோராவதாக வந்தவள், "எம்மா, இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா?" என்றாள். வெயிலுகந்தாள் அவளை முகமூடியோடு முகமூடி மோதக் கட்டிக்கொண்டாள். பிறகு மேடைக்குப் போனாள். அவருடைய குழாயைத் தன் சிலிண்டரிலிருந்து கழற்றி, மேடைச் சிலிண்டரில் மாட்டி, ஸ்பானரால் முறுக்கினாள். தேவைக்கு மேல் இரண்டு சுற்று முறுக்கினாள்.

"இது மன்னிப்பு இல்ல" என்றாள்.

"தெரியும்" என்றார்.

இரண்டு கரையிலும் அதற்குப் பிறகு சண்டை வரவில்லை. வெயிலுகந்தாள் வீட்டில் மட்டும் தினமும் வருகிறது. இரண்டு கோமதிகளுக்கும் கீழ்க் கட்டில்தான் வேண்டும். இரண்டு பேருக்கும் சோற்றில் அடிமுறுகல்தான் பிடிக்கும். ஒருத்தி பேச ஆரம்பித்தால் மற்றவள் முடித்துவைக்கிறாள், அதில் வேறு சண்டை. சுடலைமணியை மட்டும் யாரும் பெட்டியில் உட்கார வைத்திருக்கவில்லை.

மாதம் ஒருமுறை அவள் சிறைக்குக் குழாய் பார்க்கப் போவாள். உள்ளே இருப்பவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்துவார்.

"ஏம்மா, நீங்களாவது நம்புங்க! நான்தான் அசல்! நான்தான் அசல்!"

வெயிலுகந்தாள் காற்று சரியாக வருகிறதா என்று கையை வைத்துப் பார்ப்பாள். வரும்.

"அப்ப சரியான ஆளுதான் உள்ள இருக்காரு" என்பாள்.

செவ்வாயில் இன்றைய தேதி வரை மனிதர் ஒருவரும் கால் வைத்ததில்லை.